என் இஷ்டத்தைத் தேடி கோவளம் வரை ஒரு பஸ்

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதிய பயணங்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. ஏதாவது ஒரு ஏரி, ஒரு மலைக்கோயில், இல்லையென்றால் யாரோ சொன்ன பிரியாணிக் கடை. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை கிளம்பியதற்கு அப்படி எதுவும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் போனேன்.

புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு: என் பெயர் எஸ்தர். வயது ஐம்பத்திரண்டு. கணக்கு டீச்சர். சிட்லபாக்கத்தில் தனியாக இருக்கிறேன். கணவர் ஜேக்கப் இறந்து ஆறு வருடமாகிறது. மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை.

பதிலுக்குக் காத்திருந்தவர் தயாளன் சார். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுபவர். (குரல் சுமார்தான். ஆனால் ஒரு நாள் கூட லீவு போட மாட்டார்.) இரண்டு வருடமாகப் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் தெருமுனை வரை வருவார். அதற்கு முந்தைய வாரம் அதே தெருமுனையில் நின்று, சைக்கிள் பெல்லைப் பார்த்தபடியே கேட்டுவிட்டார்.

"டீச்சர், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சு சொன்னா போதும். உங்க இஷ்டம்."

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டேன். "அம்மா, உங்க இஷ்டம்" என்றான் மகன். எனக்கு இதில் எதற்கு வம்பு என்ற தொனி. "உன் இஷ்டம்க்கா" என்றாள் தங்கை. அது சும்மா தட்டிக் கழிப்பது. கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "உன் இஷ்டம்மா" என்றார். அந்தத் தொனி நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. செய்துதான் பாரேன், அப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று அதற்கு அர்த்தம்.

சரி, என் இஷ்டம் என்ன? அதுதான் தெரியவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களிடம் "உங்க இஷ்டம்", "எதுன்னாலும் பரவாயில்ல" என்றே சொல்லிப் பழகியவள் நான். புடவைக் கடையில் நிறம் கேட்டால் கூட வந்தவளைத் திரும்பிப் பார்ப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

அதனால் ஒரு நாள் பயிற்சி எடுக்க முடிவு செய்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டால், அது திருதிருவென்று விழிக்கும்போது நான் மனதுக்குள் ஏழு எண்ணுவேன். பெரும்பாலும் ஐந்து, ஆறில் பதில் வந்துவிடும். அந்த ஏழு எண்ணிக்கையை எனக்கு நானே ஒரு நாளும் கொடுத்ததில்லை. அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் ஏழு எண்ணிவிட்டு, எனக்கு வேண்டியதைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். போனை அணைத்துப் பையில் போட்டேன். வழியில் ஏதாவது வாங்கினால் போட்டுக்கொள்ள என்று பெரிய டிபன் பாக்ஸ் ஒன்று.

காலை 5.45க்குச் சிட்லபாக்கம் ஏரி. என் நடைக்கு ஒரு சுற்று அரை மணி நேரம். வழக்கமாகக் காதில் பாட்டு ஓடும், அன்று இல்லை. சுற்றி முடித்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, "எனக்கு என்ன வேண்டும்?" என்று எழுதினேன். ஏழு எண்ணினேன். "காபி" என்று வந்தது. போயும் போயும் இதுதானா என்று எனக்கே சிரிப்பு. ஆனாலும் எழுதி வைத்தேன். பிள்ளைகள் சின்னக் கணக்கு சரியாகப் போட்டாலும் மதிப்பெண் கொடுக்கத்தானே வேண்டும்.

ஏரியிலிருந்து சானடோரியம் ஸ்டேஷன் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நடந்தே போனேன். அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், அடுத்த ஸ்டேஷன்தான். 7.20க்குத் தாம்பரம். சனிக்கிழமையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நின்றேன்.

"டீயா, காபியாக்கா?"

ஒன்று, இரண்டு, மூன்று...

"எக்கா, இன்னா இம்மா யோசன? ஊட்ட எழுதிக் குடுன்னா கேட்டேன்?"

"காபி. சர்க்கரை கம்மி. ஆத்திக் குடுங்க," என்றேன் ஏழாவதில். இருபது ரூபாய். என் விருப்பப்படியே இனிப்பு குறைவாக ஒரு காபியைக் கடையில் குடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நம்பினால் நம்புங்கள்.

7.50க்குக் கேளம்பாக்கம் போகும் சாதாரணப் பேருந்து கிடைத்தது. பெண்களுக்கு இலவசம். ஜன்னலோரம் உட்கார்ந்த உடனே ஒரு இளம்பெண், "ஆன்ட்டி, ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கட்டுமா?" என்றாள். நாக்கு நுனி வரை "உக்காரும்மா" வந்துவிட்டது. எண்ணினேன். "இல்லம்மா, இன்னிக்கு நான் உக்காந்துக்கிறேன்." அவள் "ஓகே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். நான்தான் வண்டலூர் வரை குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வண்டலூர் தாண்டியதும் இரண்டாவது பயிற்சி. கணக்கில் விடை தெரியாதபோது "x என்க" என்று ஆரம்பிப்போம் இல்லையா, அதே முறை. வண்டலூரிலிருந்து மாம்பாக்கம் வரை "ஆம் என்று சொல்லிவிட்டேன் என்க". மாம்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கம் வரை "இல்லை என்று சொல்லிவிட்டேன் என்க". யோசிக்கக் கூடாது, அப்படியே சொல்லிவிட்டவளாக உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

"ஆம்" என்றதும் என் வீட்டு கேட்டில் சாய்த்த சைக்கிள் வந்தது. சமையலறையில் அந்தச் சுமார் குரல் வந்தது. பின்னாலேயே அத்தானின் இருமலும், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பெண்களின் குசுகுசுப்பும் வந்தன. வயிறு பிசைந்தது. மாம்பாக்கத்தில் "இல்லை"க்கு மாறினேன். வயிறு உடனே அடங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. இதுதான் விடை போல என்று நினைக்கும்போதே, வீட்டுப் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளரை எடுப்பது தெரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. ஊர் வாய்க்குப் பயந்தது வயிறு, துக்கப்பட்டது தொண்டை. இரண்டையும் நோட்டில் எழுதினேன். விடை மட்டும் வரவில்லை.

கேளம்பாக்கம் 9.05. அங்கிருந்து கோவளம் ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம், கொக்குகள். இடது பக்கமாக உட்காருங்கள், வெயில் முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை.

9.30க்குக் கடற்கரையில் படகுகள் ஏறியிருந்தன. மீன் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் கன்னியம்மா. பெயரைப் பிறகுதான் கேட்டேன்.

"இன்னா மீனு ஓணும்க்கா?"

"வஞ்சரம் இருக்கா?" எண்ண மறந்துவிட்டேன்.

"கீது. ஊட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

"ஒத்த ஆளுக்கு வஞ்சரமா! உனுக்கு அது மேல அவ்ளோ ஆசையா?"

இப்போது எண்ணினேன். "இல்ல. எனக்கு அது அவ்வளவாப் பிடிக்காது."

கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்தார். "பின்ன இன்னாத்துக்குக் கேக்குற? உனுக்கு இன்னா புடிக்கும், அத்தச் சொல்லு."

ஏழு எண்ணினேன். ஒன்றும் வரவில்லை.

"இன்னாக்கா, வாயில கொழுக்கட்டையா? வெயிலு ஏறுது."

இன்னொரு ஏழு. ஆறாவதில் வந்தது. "நெத்திலி."

"அத்தச் சொல்றதுக்கு இம்மா நேரமா!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஜேக்கப்புக்கு வஞ்சரம்தான் மீன். நெத்திலியைக் கண்டால் "இதெல்லாம் ஒரு மீனா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் நெத்திலி இல்லை. அவர் போன பிறகும், இந்த ஆறு வருடமும், என் ஒருத்திக்காக வஞ்சரமே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டிய மனிதர். வாய் விட்டுக் கேட்டிருந்தால் கூடை நிறைய வாங்கித் தந்திருப்பார். நான்தான் கேட்கவே இல்லை. ஒரு படகுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவருக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

திரும்பி வந்து கால் கிலோ கேட்டேன். "கால் கிலோவ வெச்சினு இன்னா பண்ணுவ? அரை கிலோ வாங்கு, யாரையானா கூப்ட்டு சோறு போடு" என்று டிபன் பாக்ஸை நிரப்பி, மேலே ஐஸ் வைத்துக் கொடுத்தார் கன்னியம்மா. நூறு ரூபாய்.

கொஞ்ச நேரம் காலை நனைத்துவிட்டு 10.45க்கு மறுபடி கேளம்பாக்கம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மடியில் அரை கிலோ நெத்திலி. ஒருத்தியால் சாப்பிட முடியாது, நாளைக்குத் தாங்காது. யாரைக் கூப்பிடுவது? ஏழு எண்ணத் தேவையே இல்லை. போனை எடுத்து ஆன் செய்து தயாளன் சாருக்குப் போட்டேன்.

"சார், எங்க வீட்டுக்கு இன்னிக்குச் சாப்பிட வர முடியுமா? ரெண்டு மணிக்கு. நெத்திலி வாங்கியிருக்கேன்."

"வரேன் டீச்சர், வரேன்." குரலில் ஒரே பதற்றம். "குழம்பா, வறுவலா? இல்ல இல்ல, உங்க இஷ்டம்."

எனக்கு வந்ததே கோபம். "சார், முதல்ல அந்த உங்க இஷ்டத்த விடுங்க. நம்ம வீட்ல இனிமே யாரும் அதச் சொல்லக் கூடாது. உங்களுக்கு என்ன வேணும், வாயத் திறந்து சொல்லுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. ஆறு வருடமாக ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டை எல்லோரிடமும் "எங்க வீடு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் முன்னால் இவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "நம்ம வீடா?"

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலேயே வந்துவிட்டது.

"ஆமா சார். நம்ம வீடுதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "அப்போ வறுவல்," என்றார்.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை காலையில் போங்கள், எட்டு மணிக்குள் தாம்பரத்தில் பஸ் பிடித்துவிட்டால் வெயிலுக்கு முன் கடலைப் பார்க்கலாம். பஸ் எண்ணை நான் எழுதவில்லை, மாற்றிவிடுகிறார்கள், நடத்துநரைக் கேட்டு ஏறுங்கள். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ் அவசியம். திரும்பும்போது எங்கள் நடத்துநர் மூக்கைச் சுளித்து, "மேடம், மீனா?" என்றார். "நெத்திலி" என்று பெருமையாகச் சொன்னேன், கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஜன்னலோரம் அங்கேயும் இருந்தது.

பெரிய கேள்வியோடு போகிறவர்கள் அதை முதலில் எடுக்காதீர்கள். காபியில் ஆரம்பியுங்கள். பயணமே போகாவிட்டாலும், தினம் காலையில் காய்கறிக்காரரிடம் ஏழு எண்ணிப் பாருங்கள், அவர் திட்டுவார், பரவாயில்லை. வயிறு சொல்வதையும் தொண்டை சொல்வதையும் தனித்தனியாக எழுதுங்கள். முக்கியமாக, நாலு பேருக்குப் போன் போடுவதற்கு முன்னால் உங்களை ஒரு தடவை கேளுங்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழாகப் போய்விட்டது. அரை கிலோ நெத்திலி இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது, இனிமேல் முக்கால் வாங்க வேண்டும், சார் நன்றாகச் சாப்பிடுகிறார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் முதலில் அத்தானுக்குத்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் இருமினார். பிறகு அதே தொனியில், "உன் இஷ்டம்மா," என்றார்.

"ஆமா அத்தான்," என்றேன். "என் இஷ்டம்தான்."