குடிவந்தவர் பணத்தில் வாங்கிய வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் ராயபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. திருவொற்றியூரில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கி வாடகைக்கு விட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று நினைத்தேன். கணவர் சிரித்தார். "நம்மளே வாடகை வூட்ல கீறோம். நமக்கு ஒரு குடித்தனக்காரனா?"

நகைகளை அடகு வைத்து, சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். பாதி விலைதான் தேறியது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டேன்.

"குடியிருக்கவா, வாடகைக்கு விடவா?" என்றார் செயலாளர்.

உண்மையைச் சொன்னேன். வாடகை வீட்டுக்குக் கடன் கிடையாது என்று அனுப்பிவிட்டார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காதான் வழி சொன்னார். கணவரை இழந்தவர், ஒரே மகள். கையில் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தார். அதை மொத்தமாக எங்களிடம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் அந்த வீட்டில் இருப்பார். போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வார். போக்கியம் என்பார்கள்.

"நீ வாடகை கேக்காத, நான் வட்டி கேக்கல" என்றார்.

வீட்டைப் பார்க்க எங்களோடு வந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்து வாயில் விட்டுப் பார்த்தார். "கரிக்குது டீச்சர். வெலைய கொறைக்கச் சொல்லு." விற்றவர் கொஞ்சம் குறைத்தார்.

பத்திரம் முடிந்த அன்றே சாவி அக்கா கைக்குப் போனது. சொந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். வீட்டு வரி எங்களுடையது. கல்மண்டபத்து வாடகையும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரி என்று யாராவது கூப்பிட்டால் கூச்சமாக இருக்கும்.

மூன்றாம் வருடம் முடிகிற நேரத்தில் என்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. அவர் கேட்டு வருவதற்குள் நானே போய்ச் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அது மவ கல்யாணத்துக்கு வெச்ச துட்டு" என்றார் அக்கா. பிறகு, "கல்யாணம் அடுத்த வருசந்தான். கீறத இப்போ குடு. பாதி துட்டு என் கைக்கு வந்துட்டா, பாதி வாடகை நான் தரணும். அதான் நாயம்."

அவர் தந்த அரை வாடகையைத் தொடாமல் வைத்து, என் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, கல்யாணத்துக்கு முன்பே மீதியை அடைத்தேன். அந்த வருடம் முழுக்க அவர் தந்த வாடகையே அவருக்குத் திருப்பித் தரச் சேர்ந்துகொண்டிருந்தது. எங்களை நம்பி அவர் எவ்வளவு துணிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் முழு வாடகையோடு வந்தார்.

"பொண்ணும் மாப்ளையும் வந்தா தங்க எடமில்ல டீச்சர். பின்னால ஒரு ரூம்பு போட்டுக் குடேன்."

"பணத்துக்கு எங்கே போவேன் அக்கா?"

"எவ்ளோ ஆவும்?" என்று கேட்டபடி அவர் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.