நன்மை வாங்காத எர்லிந்தா

எர்லிந்தா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு வயது பன்னிரண்டு. அம்மாவும் என் அத்தை கசில்தாவும் அடுப்படியில் சோளம் அரைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கல் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் கல் சத்தம் நின்றால் யாருடைய தலையோ உருளப்போகிறது என்று அர்த்தம்.

"அந்த எர்லிந்தா போயிட்டாளாம்," என்றாள் அத்தை.

"எங்க போயிட்டா?"

"வேற எங்க? நிக்கனோர் வீட்டுக்குத்தான். மடத்துல இருந்து துணி மூட்டையோட வந்து நேரா அவன் வாசல்ல இறங்கியிருக்கா."

"அவனுக்குக் கோயில்ல மோதிரம் மாத்தின பொண்டாட்டி இருக்காளே!"

"இருக்கா. வடகரை வாழைத் தோட்டத்துல எவன்கூடயோ இருக்கா. இவன விட்டுட்டு ஓடினவ செத்தாளா என்ன? உசுரோடதான இருக்கா."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி அரைக்கத் தொடங்கினாள். பிறகுதான் எனக்குச் சொன்னாள், எர்லிந்தா எங்களுக்கு உறவுதான் என்று. எர்லிந்தாவின் அம்மா பிரிமித்திவா என் அம்மாவுக்குச் சித்தி மகள். புருஷன் செத்ததும் பிரிமித்திவா இந்த மலையை விட்டு இறங்கி, டவுனில் கன்னியாஸ்திரீகள் மடத்துச் சமையலுக்குப் போனாள். மகள் அங்கேயே வளர்ந்தாள். அதனால்தான் எங்கள் ஊரான எல் சப்போத்தேயில் பிறந்தும் அவளை எனக்குத் தெரியாமல் இருந்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

மடத்தில் அவள் கற்றது ஒரே ஒரு வேலை. பூசைக்கு அப்பம் சுடுவது. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புக்கூடக் கிடையாது. ஒரு கரண்டி மாவை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி, நீளப்பிடியை இறுக்கி, கனலில் காட்டித் திருப்ப வேண்டும். எடுத்தால் காகிதம்போல வெள்ளைத் தகடு வரும். அதை ஈரத்துணியில் பதமாக வைத்து, வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். கொஞ்சம் காய்ந்தால் நொறுங்கும், கொஞ்சம் நனைந்தால் சுருளும். நிக்கனோரிடம் போனதும் கன்னியாஸ்திரீகள் அவளை மடத்து வாசலில் நிற்கக்கூட விடவில்லை. நான்கு வருஷம் கழித்து அவர்கள் மடத்தையே மூடிவிட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்கள். தலைநகரிலிருந்து கோவேறு கழுதையில் வந்த அப்பம் எல்லாம் மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துப்போனது. கிழட்டுச் சாமியார் வேறு வழியில்லாமல் மடத்தார் விட்டுப்போன அந்த இரும்புத் தகட்டு அச்சைத் தூக்கிக்கொண்டு எர்லிந்தா வீட்டுக்கு வந்தார்.

"நீதாம்மா சுடணும்," என்றாராம்.

"சுடுறேன் சாமி. எனக்கும் ஒண்ணு குடுப்பீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்? அவன் கட்டின பொண்ணு உசுரோட இருக்கே."

"சரி சாமி. அச்சை அங்க வச்சிட்டுப் போங்க."

அப்படி ஆரம்பித்தது. ஏழு ஊருக்கு அவள்தான் அப்பம் சுட்டாள். ஏழு ஊரிலும் எல்லோரும் பூசையில் அந்த அப்பத்தை நாவில் வாங்கினோம், நன்மை வாங்குவது என்போம். குடிகாரன் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வாங்கினான். அண்ணன் நிலத்தைப் பிடுங்கினவன் வாங்கினான். அவள் மட்டும் வாங்க முடியாது. ஞானஸ்நானத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானத்தாயாகவும் நிற்க முடியாது. ஊரில் அவளுக்கு என்று ஒரு ஞானப்பிள்ளை இல்லை. அவளுக்கும் நிக்கனோருக்கும் பிள்ளையும் தங்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து ஊர் பேசியது.

வெட்டிய பிறகு மிஞ்சுகிற ஓரத் துண்டுகளை அவள் ஒரு கூடையில் போட்டு வைப்பாள். மந்திரிக்காத அப்பம்தான், யாரும் தின்னலாம். சனிக்கிழமை ஆனால் பிள்ளைகள் வாசலில் கூடிவிடும். நானும் பிள்ளை பெற்ற பிறகுகூட வெட்கமில்லாமல் போய் நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேன்: "நீங்க ஒரு துண்டு வாயில போடுறதே இல்லையேக்கா? இதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே."

"போடி இவளே. நெசத்தை வாங்குற அன்னைக்கு ருசி பாத்துக்கறேன். அதுக்கு முன்னாடி இதத் தின்னு நாக்கைக் கெடுத்துக்கணுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. நல்ல பாவாடை வேண்டும், டவுனுக்குப் போக வேண்டும் என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஒரு தடவை நன்மை வாங்க வேண்டும், அவ்வளவுதான். பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது, அவள் முழங்காலை நகர்த்தி எங்களுக்கு வழிவிடுவாள்.

யார் வாய் எப்படி என்று அவளுக்குத் தெரியும். என் அம்மா கடைசியில் தொண்டை அடைத்துக் கிடந்தாள், கஞ்சிகூட இறங்கவில்லை. எர்லிந்தா மாவைத் தண்ணீராகக் கரைத்து, பூ இதழ் மாதிரி மெல்லிசாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று சுட்டுக்கொடுத்தாள். எங்கள் கோயில் உபதேசியார் எலியாசர் அதை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வந்தார். அம்மா கடைசியாக விழுங்கியது அதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு நான் செய்ததை இனிச் சொல்கிறேன்.

என் தம்பி சிக்ஸ்தோ வடகரையில் வாழைத்தார் சுமந்தவன். எனக்கு நாற்பத்தேழு வயதான வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு வந்தான். காபியைக் குடித்துக்கொண்டே சொன்னான்:

"அந்த ஒப்துலியா செத்துட்டாக்கா. நிக்கனோரோட மொத பொண்டாட்டி. காய்ச்சல். அடக்கத்துக்கு நானே போயிருந்தேன்."

"நெசமாவாடா?"

"மண்ணு போட்டவன் நான். பொய்யா சொல்றேன்?"

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஒரு பெண் இன்னொருத்தியின் இடத்தில் வாழ வந்தால், முந்தினவள் பெயரை அந்த வீட்டு அடுப்படியில் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் 'நீ வீட்டுக்காரி இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி. ஒப்துலியா என்ற பெயரை எர்லிந்தாவின் காதுபட ஊரில் ஒருத்தரும் உச்சரித்ததில்லை. மறுநாள் நான் சொல்லத்தான் போனேன். அவள் அச்சைக் கரித்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். மழை எப்போது விடும் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நிக்கனோருக்கு அவர் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிக்ஸ்தோ திருவிழாவில் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தான். அந்தப் பத்துப் பேரும் என்னைப்போலவே, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். நிக்கனோர் அண்ணனோ பேச்சே இல்லாத மனுஷன், திருவிழாவுக்கும் வராதவர். அவர்கள் வீட்டுக்குச் செய்தி போகவே இல்லை.

அதோடு விட்டேனா? வருஷம் போகப்போக எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. தடைதான் போய்விட்டதே, ஏன் இன்னும் கல்யாணம் முடிக்காமல் இருக்கிறாள், எங்கள் பரிதாபம் அவளுக்கு இனிக்கிறதோ என்று கசில்தா அத்தையிடம் பேசியிருக்கிறேன். அத்தையும் ஆமாம் போட்டாள். ஒன்பது வருஷம் அப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் நிக்கனோர் அண்ணன் காபிச்செடிகளுக்கு நடுவில் விழுந்தார். தூக்கிவந்து கட்டிலில் போட்டோம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றது. மறுநாள் காலையில் நினைவே இல்லை. புதுச் சாமியார், சின்ன வயசுக்காரர், ஜீப்பில் வந்தார். சாகக்கிடப்பவருக்கான அவஸ்தை எண்ணெயைப் பூசினார். எர்லிந்தா தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மனைவியாம்மா?" என்று கேட்டார் சாமியார்.

"இல்ல சாமி. கூட இருக்கறவ."

"மனைவி எங்க இருக்காங்க?"

சாமியார் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் நின்ற வீட்டில் என்னைத்தான் பார்த்தார்.

"செத்துட்டா சாமி," என்றேன்.

"எப்போ?"

"ஒம்பது வருஷம் ஆச்சு."

விசிறி நின்றது. எர்லிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேட்டது சரியாக விளங்காதவள்போலப் பார்த்தாள்.

சாமியார் பரபரப்பானார். "அப்ப இப்பவே கல்யாணம் முடிச்சு வைக்கலாமே! சாகப்போற நேரத்துல கோயில்ல ஓலை வாசிக்கறது எதுவும் வேண்டாம். சம்மதம் மட்டும் தெரிஞ்சா போதும்." அவள் கையை எடுத்து நிக்கனோர் கையில் வைத்தார். அவளிடம் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். பிறகு நிக்கனோர் காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டார்: "நிக்கனோர், இவங்கள மனைவியா ஏத்துக்கறீங்களா? ஆமான்னா கையை அழுத்துங்க."

காத்திருந்தோம்.

"அழுத்தினாரா அம்மா?"

"இல்ல சாமி."

மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றாள். கசில்தா அத்தைக்கு அப்போது எண்பதுக்கு மேல். அவளால் பொறுக்க முடியவில்லை. எர்லிந்தாவின் முதுகில் குத்தி, "அழுத்தினாருன்னு சொல்லித் தொலையேன்டி, யாருக்குத் தெரியப்போகுது!" என்று பல்லைக் கடித்தாள்.

"அழுத்தலையே அத்தை."

"பாழாப்போனவளே, கடவுளே கண்ணை மூடிக்குவாருடி இதுக்கு."

"அவரு மூடினா மூடட்டும். கை எனக்குத்தான தெரியும்."

சாமியார் இரண்டு மணி நேரம் முழங்காலில் இருந்தார். எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணவில்லை. உச்சிப்பொழுதில் நிக்கனோர் அண்ணன் மூச்சு நின்றது. அவள் கை அதுவரை அவர் கையில்தான் இருந்தது.

ஒன்பது நாள் ஜெபமும் முடிந்தது. கடைசி நாள் எல்லோரும் போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, சிக்ஸ்தோ சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கு."

"சொல்ல வந்தேன். வாய் வரல."

"ஊருக்கே வரல. உனக்கு மட்டும் எப்படி வரும், தோமித்திலா?" அப்படிச் சொல்லிவிட்டு எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். வெல்லம் அதிகமாகப் போட்டிருந்தாள், எனக்குப் பிடிக்கும் என்று. அந்தக் காபி எனக்கு இறங்கவே இல்லை. திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

சாமியார் நல்லவர். அவரே வீடு தேடி வந்து சொன்னார், இனி ஒரு தடையும் இல்லை, பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கலாம் என்று. ஊர் முழுக்கக் காத்திருந்தது. அவளுக்கு நான் என் கறுப்பு முக்காட்டைக் கொடுத்தேன். காலையில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போய் முழங்காலில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசை கிளம்பியது. நான் அவள் முழங்கையைத் தட்டினேன். அவள் முழங்காலை நகர்த்தி எனக்கு வழிவிட்டாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா ஆச்சு?"

"எல்லாம் சொன்னேன்டி. கோபம், பொறாமை, உபவாசம் விட்டது, ஒப்துலியா செத்தா தேவலன்னு நெனச்சது, எல்லாம். சாமி கேட்டாரு, நிக்கனோரோட வாழ்ந்த நாப்பத்திநாலு வருஷத்துக்கும் பாவம்னு வருந்தி மனஸ்தாபப்படுறியான்னு."

"படுறேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"படலையே."

"வாயால சொல்லுங்கக்கா! மனசுல என்ன வேணா வச்சுக்குங்க."

"பொய் சொன்ன வாயிலயே ஆண்டவரை வாங்கச் சொல்றியா?" என்றாள். "அந்த மனுஷன் எனக்கு என்ன கெட்டது பண்ணாரு? வெறகு வெட்டிக் குடுத்தாரு. அச்சுப் பிடி ஒடஞ்சப்போ அடிச்சுச் சேத்துக் குடுத்தாரு. அவரைப் பாவம்னு சொல்லி எறக்கி வச்சிட்டு நான் மட்டும் போய் நிக்கணுமா? என்னால ஆகாது தோமித்திலா."

சாமியார் மூன்று தடவை வந்து பேசினார். வேறு மாதிரியெல்லாம் கேட்டுப் பார்த்தார், அவள் நழுவிக்கொள்ள இடம் வைத்து. கடைசித் தடவை அவரே கண் கலங்கிப் போனதை நான் பார்த்தேன். அவள் பிடிவாதம் என்றார்கள் ஊரில். அகங்காரம் என்றும் சொன்னார்கள். நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரியும் பகலும் என் மனதை அரித்தது வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அப்போதே கோயிலில் கல்யாணம் முடிந்திருக்கும், யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் பல தடவை சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கிடைத்தது. அடுத்த ஞாயிறே நன்மையும் வாங்கினேன். எனக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பதினான்கு வருஷம் அவள் அப்பம் சுட்டாள். கை நடுங்கத் தொடங்கியதும் விட்டாள். இப்போது டவுனிலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது.

எர்லிந்தா இப்போது எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், நிக்கனோர் கட்டிய மண்வீட்டிலேயே இருக்கிறாள். வயது எண்பத்திரண்டு. இடது கண் தெரியாது, எழுந்து நடக்க முடியாது. சாப்பாடு என் மகள் கொண்டுபோகிறாள். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவருகிற உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து என் நாவில் வைத்துவிட்டு, அவள் வீட்டைத் தாண்டி மேட்டு வீட்டுக்குப் போகிறார்.