சுவரில் தூங்கியவள்

அவள் தூங்குவதை முதலில் பார்த்தது என் சித்திதான். விடிந்தும் விடியாத நேரத்தில் இட்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள், வண்டியை நடுச் சந்தில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, குடோன் செவுத்தாண்ட ஒரு பொம்பள படுத்துகினு கீறா. எவ்ளோ பெருசு தெரியுமா."

அம்மா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு, பெருசு என்றால் குண்டா என்று கேட்டாள். சித்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். போதவில்லை. "நம்ம வூட்ட வுட பெருசுக்கா" என்றாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் சந்தில், பூட்டியே கிடந்த ஒரு குடோனின் காம்பவுண்டு சுவர் நீளமாக ஓடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்கள் எல்லாருக்கும் அந்தச் சுவர்தான் ஒதுங்குமிடம். அந்த நாற்றத்துக்காக மட்டுமல்ல, வேறொரு காரணத்துக்காகவும் நான் அந்தச் சுவர் நெடுக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பாதியில் மூச்சு விட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அப்பா திருமுடிவாக்கத்தில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா புதிதாக வந்த அடுக்குமாடி வீடுகளில் மூன்று வீட்டு வேலை செய்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சைப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். நான் மூச்சைப் பிடிக்க மறந்துபோனேன்.

ஒரு பஸ் நீளத்துக்கு ஒரு பொம்பளை சுவரில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மடக்கிய கையில் கன்னம். வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்கால் மடங்கி, நீலப் புடவை கால்வரை இழுத்துப் போர்த்தியிருக்க, ஒரு குதிகால் மட்டும் வெளியே. புடவையைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான். சுவரில் வெகு நாளாக இருந்த வெடிப்பு அவள் குதிகால் பித்தவெடிப்பு ஆகியிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி ஊறிய கறை அவள் ரவிக்கையின் வேர்வையாகியிருந்தது. வரைந்த ஆள் சுவரை மறைக்கவே இல்லை. இவ்வளவு நாளும் சுவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தவள் மேலிருந்து போர்வையை விலக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வீட்டில் அம்மா தூங்கும்போது அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது. சத்தியமாக ஏறி இறங்கியது.

ஏழு மணிக்குள் சந்து நிறைந்துவிட்டது. ஆள் ஆளுக்குச் சுவரின் மூலைகளில் குனிந்து தேடினார்கள். எங்கள் பக்கம் சுவரில் எது இருந்தாலும் ஓரத்தில் வரைந்தவர் பெயரும் போன் நம்பரும் இருக்கும். இதில் எதுவும் இல்லை. அதுதான் எல்லாரையும் பேஜார் பண்ணியது. "பேரும் போடல, நம்பரும் போடல. இன்னாத்துக்கு வரஞ்சான் அவன்" என்றார் ஷேர் ஆட்டோ அண்ணன். ஏதாவது சோப்புக் கம்பெனி விளம்பரமாக இருக்கும், மீதியை நாளைக்கு எழுதுவான் என்றார் ஒருவர். அடுக்குமாடி வீட்டு சங்கத்து சார், இதெல்லாம் நியூசென்ஸ், கம்ப்ளெயின்ட் பண்ணணும் என்று சொல்லிக்கொண்டே நாலு கோணத்தில் போட்டோ எடுத்தார். பக்கத்து வீட்டு மேரி அக்கா, மாதா இப்படித்தான் தூங்கின மேனிக்குப் பரலோகம் போனாங்க என்றாள். சித்தி மட்டும் குதிகாலைப் பார்த்துவிட்டு, "நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்துகினு கீறா, பாவம்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சந்தில் நடந்ததை இன்றைக்கு நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. யாரும் அங்கே ஒன்றுக்குப் போகவில்லை. வழக்கம்போல வேகமாக வருவார்கள், ஜிப்பில் கை வைப்பார்கள், நிமிர்வார்கள், அவளைப் பார்ப்பார்கள், ஏதோ தூங்குகிறவர்கள் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைவிட ஆச்சரியம், சந்துக்குள் வந்ததும் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். யாரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். சித்தியிடம் வந்து "ரெண்டு இட்லி, ஒரு வடை" என்று கேட்பதைக்கூடக் கிசுகிசுத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி சுவர் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். நான் ஓடுவதை நிறுத்தி, அந்தச் சுவர் நெடுக மெதுவாக, நன்றாக மூச்சு விட்டு நடந்தேன். என் வாழ்க்கையில் பயமில்லாமல் போன நாட்கள் கொஞ்சம்தான். அவை அந்தச் சந்தில்தான் இருந்தன.

ஒரு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் இரண்டு பேர் வந்து சுவரின் இரண்டு முனையிலும் ஒரு கட்சியின் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டுப் போனார்கள். அப்படி எழுதினால் அந்தச் சுவர் புக் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர், எல்லாரும் வட்டத்து அண்ணன் என்பார்கள், அவருக்குப் பிறந்தநாள் வருகிறதாம். காலையில் வெள்ளை அடித்து, காய்ந்ததும் வாழ்த்து எழுதுவார்களாம்.

சித்தி வண்டியிலிருந்தே கேட்டாள், "தூங்குற பொம்பள மேலயாடா சுண்ணாம்பு அடிப்பீங்க?"

"நாங்க இன்னாக்கா பண்றது. சுவர் நல்ல சுவரு" என்றான் ஒருவன். அவனும் கிசுகிசுத்துத்தான் சொன்னான்.

வீட்டில் நான் சாப்பிடவில்லை. முகத்தில் சுண்ணாம்பு விழும்போது அவள் வாய் திறந்திருக்குமே என்பதுதான் என் கவலை. யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால், படிக்கிற வேலையைப் பார் என்பார். (அந்த வேலையைப் பத்தாவது வரைக்கும்தான் பார்த்தேன்.) யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. ரோட்டு மேல் சுவர்களில் எந்தக் கட்சிக்காரர் வெள்ளை அடித்தாலும், சுவரில் பதித்த பிள்ளையார் டைல்ஸைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். சாமி மேல் யாரும் பிரஷ் வைக்க மாட்டார்கள்.

விடிகாலையில் சித்தியோடு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பாவாடையில் அம்மாவின் குங்குமச் சிமிழ். சித்தி அடுப்பு பற்றவைக்கும் நேரம் பார்த்துச் சுவரிடம் போனேன். அவள் முகம் என் தோள் உயரத்தில்தான் இருந்தது. விரலை எச்சிலில் நனைத்தால் தோஷம் என்று, கண்ணைத் துடைத்த ஈரத்தில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டேன். விழித்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. நெற்றியில் ஒரே அழுத்து. கால் வெடிப்பில், வரும் வழியில் பறித்த ஒரு செம்பருத்தியைச் செருகிவிட்டு வந்து வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

வாளியோடு வந்த இருவரும் சுவர் முன்னால் நின்றார்கள். வட்டத்து அண்ணன் தன் பைக்கில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பொட்டு வெச்சுக்கீது."

"நேத்து இல்லியேடா."

"நேத்து இல்ல. இன்னிக்கு கீது."

"தொடச்சிட்டு அடிடா."

"நீ தொடைண்ணே, நான் அடிக்கிறேன்."

அண்ணன் இறங்கி வந்து பார்த்தார். யார் வைத்தது என்று சித்தியைக் கேட்டார். அவள் தெரியாது என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. யாரும் வைக்கவில்லையென்றால் அது எப்படி வந்தது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்ற இருவரும் கழற்றினார்கள். வாளி வந்த வழியே போனது.

ஒரு ஊரை நான் ஒரு விரலால் தடுத்துவிட்டேன். வயிறு குளிர்ந்துபோய், அன்றைக்கு ஐந்து இட்லி சாப்பிட்டேன்.

சாயங்காலம் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு வந்தது. பொட்டு தானே வந்தது என்ற செய்தி வண்டலூர் வரைக்கும் போனது. படுத்த அம்மன் என்று பெயர் வைத்தார்கள். தகரக் கூரை போட்டதும் அதே வட்டத்து அண்ணன்தான், கூரையில் அவர் படமும் இருந்தது. அவள் நீலப் புடவைமேல் மஞ்சள் புடவை ஒன்றை ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி அடிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் பொட்டு இப்போது தட்டளவு ஆகியிருந்தது.

பிறகு பூசாரி ஒருவர் வந்தார். வந்தவர் எல்லாரையும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டிருக்கிற அம்மன் எப்படி ஊரைப் பார்த்துக்கொள்ளும் என்று. சிலை செய்தாலும் படம் எழுதினாலும் கண் திறந்தால்தானே அது சாமி. ஒரு நல்ல நாளில் கண் திறப்பு என்று நோட்டீஸ் அடித்தார்கள்.

தாம்பரத்திலிருந்து வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிற பெயின்டர் வந்தார். திரை கட்டினார்கள். உள்ளே அவர் வேலை செய்ய, வெளியே பம்பை அடித்தார்கள். அந்தச் சந்தில் அவ்வளவு சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. திரை விழுந்தது. முன்னால் நின்ற பெண்கள் இரண்டு பேருக்கு அருள் வந்து ஆட ஆரம்பித்தார்கள்.

அதே மடக்கிய கை. அதே கன்னம். லேசாகத் திறந்த அதே வாய். அதற்கு மேலே, இமை இருந்த இடத்தில், என் உள்ளங்கை அளவுக்கு இரண்டு கண்கள், வெள்ளையும் கறுப்புமாக, சிமிட்டாமல். நடுத் தூக்கத்தில் யாரோ உலுக்கி எழுப்பிவிட்டு, படுத்தபடியே இரு, ஆனால் தூங்காதே என்று சொன்ன மாதிரி. கீழே பெயின்டரின் பெயரும் போன் நம்பரும். கூரையில் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. சித்தியிடம் இட்லி கேட்பவர்கள் மறுபடி கத்திக் கேட்க ஆரம்பித்தார்கள்.

எல்லாரும் பூரித்துப்போய் இருந்தார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் நிமிராமல் போக ஆரம்பித்தேன். அந்தக் கண் எங்கே நின்றாலும் என்னைத்தான் பார்த்தது. அவளைத் தூங்கவிடாமல் செய்தது நான்தான் என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூழ் ஊற்றினார்கள். கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. சித்தி வரிசைக்குக் குவளை எடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னை நிறுத்தியிருந்தாள். கொடுத்துக்கொண்டே வந்த நான், ஒரு கை நீண்டதும் நிமிர்ந்தேன்.

அவள் நின்றாள்.

அவளேதான். ஒரு மாதம் மூச்சை எண்ணிப் பார்த்த முகம், எனக்குத் தவறாது. அந்தக் கன்னம், அந்த வாய். கண் திறந்திருந்தது. ஆனால் சுவரில் இருந்த கண் இல்லை. சின்னக் கண்கள், ஓரம் சிவந்து, அசதியாக. அவளைச் சுற்றி இருந்தவர்கள் கூழுக்கு முண்டியடித்துக்கொண்டு, அவளையே இடித்துத் தள்ளிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் சுவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் சொன்னாள், "இதானா நீ சொன்னது? நல்லாத்தான் கீது. கண்ணுதான் பெருசா வெச்சிட்டே."

"அது நான் வெக்கலம்மா" என்றது அந்தப் பெண் குரல். "நான் வரையசொல்லோ நீ தூங்கிகினுதான் இருந்தே."

இரண்டும் என் காதில் தெளிவாக விழுந்தன. எதுவும் உள்ளே போகவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம், யார் செய்தது என்று விசாரணை நடக்கிறது, யாரோ நான் இல்லை என்கிறார்கள், அடுத்தது என் முறை என்பதுதான். குவளையைப் போட்டுவிட்டு அவள் காலில் விழுந்தேன்.

"பொட்டு நான்தான் வெச்சேன். சுண்ணாம்பு அடிக்க வந்தாங்க, அதான் வெச்சேன்" என்று அழுதேன்.

அவள் பதறிப்போய் என்னைத் தூக்கினாள். "ஐய, எந்திரி கண்ணு. கால்லலாம் வுழக்கூடாது. நல்லதுதானே பண்ணிக்கீற" என்றாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது, பினாயில் வாசனை அடித்தது. சாமி கையில் அப்படித்தான் வாசனை வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பையோடு நின்ற பெண் சட்டென்று என் பக்கம் திரும்பியது. என்னிடம் ஏதோ கேட்டது. "தூங்கறப்போ பாத்தியா நீ" என்றோ என்னவோ. சாமியை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

"வாடி, டூட்டிக்கு லேட்டாவுது" என்றாள் சாமி. என் தலையைத் தடவிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். ரோட்டு முனையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. கண் திறந்த நாளிலிருந்து அவள் தூங்கவே இல்லை.

அம்மன் நேரில் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூரை போட்டுவிடுவார்கள் என்று பயம். வெகு வருஷம் கழித்து, மாசமாக இருந்தபோது, தூக்கம் பிடிக்காத ஒரு மத்தியானத்தில் திடீரென்று கூழ் வரிசையில் கேட்ட அந்த இரண்டு பேரின் வாக்கியங்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்து, நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

யார் அவன், யார் அவன் என்று சந்தே கேட்டுக்கொண்டிருந்தது. வரைந்தவள் எனக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில் நின்று, என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் எப்படி இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பையைப் பிடித்திருந்த கைகூட ஞாபகம் இல்லை. அவள் அம்மாவின் முகம் மட்டும் இருக்கிறது, ஒரு ரேகை விடாமல்.