தொமித்திலாவின் கட்டைவிரல் நகம்

குனிந்து, மரக்கன்றின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுகிறாள் தொமித்திலா. தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் கன்றுக்கு உயிர் இருக்கிறது. பழுப்பென்றால் இல்லை. இதற்காகவே வலது கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்க்கிறாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போது அந்த விரல் மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும்.

தண்ணீர் லாரி ஓட்டுவது அவள் தொழில். கீனோ விரிகுடாவுக்குப் போகும் பாலைவனச் சாலையோரத்து வீடுகளுக்கு அவள் லாரிதான் கிணறு. கடைசி வீட்டில் குழாயைச் சுருட்டியதும், அடியில் மிஞ்சிய தண்ணீரோடு பொட்டலுக்குத் திருப்புவாள். கரி சுடுகிறவர்கள் இரும்பு மரங்களை ஒட்ட வெட்டிவிட்டுப் போன பொட்டல். அங்கே மறுபடி இரும்பு மரக் கன்றுகளை நட ஆரம்பித்தவன் அவள் கணவன் கிரிஸ்பின். ஒவ்வொரு கன்றையும் ஒரு வெள்ளிலைப் புதரின் மடியில் வைப்பான். வெயில், பனி, முயல் எல்லாவற்றையும் புதர் பார்த்துக்கொள்ளும்.

தண்டின்மேல் அவள் ஊற்றமாட்டாள். ஒரு முழம் தள்ளித்தான். "வாயில ஊட்டிவிட்டா சோம்பேறியாயிடும். தேடிக் குடிக்கட்டும்."

கடைசி வரிசையை நட்ட மழைக்காலத்திலேயே கிரிஸ்பின் போய்விட்டான். நவம்பரில் இறந்தவர்கள் நாள் வந்தது. ஊரே கல்லறைகளில் புல் செதுக்கி, பெருக்கி, செண்டுமல்லி வைத்துக்கொண்டிருந்தது. கிரிஸ்பினின் தம்பி எலெயுத்தேரியோ கல்லறையோடு நிற்கவில்லை. அண்ணன் கடைசியாக நட்ட வரிசைக்கும் மண்வெட்டியோடு போனான். புதர்களை வேரோடு களைந்து, தரையைப் பெருக்கி, கன்றுக்கு ஒரு பூ வைத்துவிட்டு, அண்ணியைக் கூட்டிவந்து காட்டினான்.

தொமித்திலா வேரோடு கிடந்த ஒரு புதரைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லவேளை, நீ சவரக்கடை வைக்கல. மீசையோட மூக்கையும் எடுத்திருப்பே."

அவன் சிரித்தான். புதர் எதற்கென்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது. அதன்பின் அவள் வீட்டில் அவன் சாப்பிட உட்காரவில்லை. முள்கிளை வெட்டிவந்து கன்றுகளுக்கு நிழல் கட்டினான். ஜூன் வெயில் அதற்கு மசியவில்லை. இலைகள் உதிர்ந்தன. நகம் பட்ட தண்டெல்லாம் பழுப்பு. கடைசிக் கன்றை மட்டும் அவள் சுரண்டவே இல்லை, தண்ணீரோடு சரி.

ஜூன் கடைசியில் வரும் சான் ஹுவான் திருநாள் கழிந்து மழை பிடித்தது. இரண்டு மூன்று முறை கொட்டி ஓய்ந்தபின் ஒரு நாள் அவள் லாரியை நிறுத்தியபோது, எலெயுத்தேரியோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றான்.

"அண்ணி, தண்டை விடுங்க. அடியைப் பாருங்க."

தண்டு காய்ந்த குச்சிதான். ஆனால் மண்ணை ஒட்டி, எறும்பளவு இலைகளோடு சாம்பல் பச்சையில் ஒரு தளிர். பக்கத்துக் கன்றிலும் அப்படியே. வரிசையில் பாதிக்குமேல் அடியிலிருந்து கிளம்பியிருந்தன.

"இது களை இல்லையே, அண்ணி?"

"உனக்குச் சந்தேகம் வந்தா தொடாதே. கையைப் பின்னாடி கட்டிக்கோ."

நிஜமாகவே கட்டிக்கொண்டான். அவள் மண்ணில் உட்கார்ந்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மதியம் மாட்டிறைச்சி வத்தல் வதக்குறேன். சாப்பிட வா."

"இருக்கட்டும், அண்ணி."

அவள் எழுந்து, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை இழுத்தாள். மணிக்கட்டில் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். கன்றைப் பார்ப்பதுபோலவே குனிந்து பார்த்தாள்.

"பச்சைதான். வண்டியில ஏறு."