தேசம்மாள் தொட்ட பதினேழாம் ஷீட்

தேசம்மாள் இறந்துவிட்டார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அதே குழுவில் முன்பு ஒருமுறை, உயிரோடு இருந்த ஒருவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவரே நேரில் வந்து எல்லோரையும் திட்டிவிட்டுப் போனார். அதனால் யாரையும் கேட்காமல் தேசம்மாளின் எண்ணுக்கே போன் செய்தேன். உடனே எடுத்தார்கள். பொய்தான் என்று நினைத்தேன். பேசியது அவருடைய தம்பி மோகன்.

"அக்கா பூட்டாங்கண்ணா. காத்தால டீ வெச்சிக்கினு இருந்தாங்க. நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்தாங்க, அவ்ளோதான்."

"எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர் பாத்து சொன்னாரு?"

"நான் பக்கத்துலயே இருந்தேண்ணா" என்றார் மோகன்.

அன்று மாலையே அவர் ஊரான நகரியில் எல்லாம் முடிந்தது. போனேன். கடைசியில் நின்றேன்.

எங்கள் அலுவலகத்தில் தேசம்மாளை 'ஷீட்டுத் திருடி' என்று சொல்வார்கள். பாதி கேலி, பாதி நிஜம். அந்தப் பெயரை வைத்தவன் நான். ஆகவே இந்த அஞ்சலியை எழுத வேண்டியவனும் நான்தான்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருப்பதியில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது அலுவலகம். பஸ்ஸில் அரைநாள் போனால்தான் கடலைப் பார்க்க முடியும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து கடலின் அடித்தரையை வரைந்தோம். கப்பல் கீழே ஒலியை அனுப்பும். அது தரையில் மோதித் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்காகும். இலட்சக்கணக்கான புள்ளிகள் கோப்பாக எங்களுக்கு வரும். மேப்பிங் மென்பொருளில் திறந்தால் ஆழம் குறைந்த இடம் சிவப்பு, மிகுந்த இடம் நீலம். கப்பலுக்கும் தரைக்கும் நடுவே மீன்கூட்டம் போயிருந்தால் அதுவும் பாறைபோல ஒரு புள்ளியாக விழும். அந்தப் பொய்ப் புள்ளிகளை நீக்குவதுதான் வேலை. எனக்கு அது எளிதாக வந்தது. நான் யாரையும் சட்டென்று நம்பியதில்லை, மீன் உட்பட.

எனக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. வரதய்யபாளையம் பக்கத்து ஏரிகளைத் தூர்வாருவதற்கு முன் ஆழம் அளக்கிற ஒப்பந்த வேலையில் இருபது வருடம் இருந்தேன். ஐம்பது வயதுக்குமேல் நானாகக் கணினி கற்றேன். என்னில் பாதி வயதுக்காரர்கள், "பெரியவரே, மவுஸைக் கசக்காதீங்க" என்று சிரித்ததை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

தேசம்மாளும் இதற்கென்று படித்து வந்தவரல்ல. நகரியில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கணினியில் கரையும் பூவும் கட்டம்போட்டு வரைந்துகொண்டிருந்தவர். வந்த முதல் நாளே என் திரையை எட்டிப் பார்த்து, "இங்க இழை அறுந்துக்கினு கீதுண்ணா" என்று ஒரு புள்ளியைக் காட்டினார். பொய்ப் புள்ளிதான். நான் தவறவிட்டிருந்தேன். என் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது என்று அன்றே முடிவு செய்தேன்.

அவர் கொண்டுவந்த கொழுக்கட்டையை ஒரு வாரம் நான் தொடவில்லை.

"வெசம் வெக்கலண்ணா, துன்னுங்க. வெக்கறதுன்னா உங்களுக்கு மட்டும் தனியா செஞ்சி எடுத்தாந்திருப்பேன்" என்றார். மாடியே சிரித்தது. அன்று தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காக நான் இளகிவிடவில்லை.

ஒருநாள் கேட்டார்: "அண்ணா, கடலுக்கு சைபர் எங்க கீது? எங்கேந்து கீழ எண்றது?"

"தண்ணி மேலேந்துதான்."

"எந்தத் தண்ணி? ஏறன தண்ணியா, எறங்கன தண்ணியா?"

"ஏரிக்கு, நெறஞ்சி வழியற கலங்கல் மட்டந்தான் சைபர். அங்கேந்து கீழ எண்ணணும். இருவது வருசமா அப்பிடித்தான் எண்றேன்."

"ஏரித் தண்ணி கலங்கலத் தாண்டிப் பூடும். கடல் எங்கண்ணா போவும்? ஏறி எறங்கிக்கினேதான கெடக்கும்?"

போய் வேலையைப் பாரம்மா என்றேன்.

பிறகு ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் வாயை வரையும் வேலை வந்தது. மற்ற வேலைகளில் எந்த நீர்மட்டத்திலிருந்து ஆழத்தை எண்ணுவது என்பதை அனுப்புகிறவர்களே பொருத்தி அனுப்புவார்கள். இதில் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஷீட் என்போம். பதினேழாம் ஷீட் என்னுடையது. படகுகள் உள்ளே வரும் வழியில் அதில் ஒரு பாறை இருந்தது. பாறைக்கு மேல் 2.6 மீட்டர் தண்ணீர் என்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் 1.7. திரும்ப 2.6 ஆக்கினேன். மறுநாளும் 1.7. ஒரு காகிதத்தில் எண்களைக் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அந்த ஷீட்டில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு குறைந்திருந்தது. என் வேலையைக் கெடுத்து என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் காலை, கதவு திறக்குமுன்பே படிக்கட்டில் போய் நின்றேன். சாவியோடு தேசம்மாள் வந்தார்.

"என் ஷீட்ட யாரு தொட்டது?"

"நான்தாண்ணா." பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நெறஞ்ச தண்ணிக்குக் கணக்கு போட்டு கீறீங்க. தண்ணி எறங்கற நேரத்துல படகு வந்தா அடி கீஞ்சிடும்."

"ஏரியப் பாத்துக்கினே வளந்தவன் நான். சேலைக்குப் பூ போட்டவங்க எனக்குத் தண்ணி சொல்லித்தர வாணாம்."

முதலாளியிடம் போனேன். அடுத்தவர் ஷீட்டை எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் தொடக்கூடாது என்பது அலுவலக விதி. "எந்துகம்மா?" என்று தெலுங்கில் காரணம் கேட்டார் முதலாளி. தேசம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "தொட்டது தப்புதான் சார்" என்றார். காரணத்தைச் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனார். நான் ஷீட்டில் 2.6-ஐத் திரும்பப் போட்டேன். அந்த வாரமே அவரைச் சித்தூர் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே வீட்டுமனைப் பிரிவுகளை வரையும் வேலை. கடல் அவர் கையைவிட்டுப் போனது. அதன்பின் உயிரோடு இருந்த நான்கு வருடமும் அவர் திரும்பி வரவில்லை.

அந்த ஆயுத பூஜையன்று முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். பதினேழாம் ஷீட்டைத் துறைமுகக்காரர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். என் 2.6 ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சால்வையோடுதான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் சித்தூரிலிருந்து போன் செய்வார். உடம்பு எப்படி, கண் எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "அண்ணா, பதினேழத் தொறந்து பாத்தீங்களா?" என்பார். இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று நான் திறக்கவே இல்லை.

நகரியில் அவரை அனுப்பிவைத்துவிட்டு வந்த மறுநாள் திறந்தேன்.

பாறைக்கு மேல் 1.7 இருந்தது. எண்ணத் தொடங்கும் மட்டம், தண்ணீர் மிகவும் இறங்கி நிற்கும் மட்டம். கோப்பு துறைமுகத்துக்குப் போனதற்கு முந்தைய மாலை, சித்தூருக்குக் கிளம்புமுன், கடைசியாகத் திருத்தியவர் தேசம்மாள். 'செய்தவர்' என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலி. பக்கத்தில் துறைமுகக்காரர்களின் கடிதமும் இருந்தது. தண்ணீர் இறங்கிய நேரத்தில் படகில் போய், பாறைமேல் கோல் ஊன்றி அளந்தார்களாம். 1.7 சரியாக இருந்ததாம். அந்த இடத்தில் இப்போது மிதவை கட்டியிருக்கிறார்களாம். என் பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தார்கள்.

ஏன் என் பெயரை விட்டுவைத்தார்? தவறாகப் போனால் பழி என்மேல் விழட்டும் என்றா? மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு நாள் அப்படியும் யோசித்தேன். ஆனால் தன் எண்ணில் சந்தேகம் உள்ளவர் நான் மாற்ற மாற்ற அதையே திரும்பப் போடமாட்டார். முதலாளி கேட்டபோது அவர் காரணத்தைச் சொல்லியிருந்தால், சான்றிதழ் இல்லாத நான் அன்றே படியிறங்கியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். என்மேல் இரக்கப்பட்டாரா? இரக்கத்தை எப்போதும் சந்தேகிக்கிறவன் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். எண் அவருடையது. சால்வை அவருடையது. திருடி என்ற பெயர் பொய்ப் புள்ளி. அதைப் போட்டவனே நீக்குகிறேன்.

'சரிபார்த்தவர்' இடத்தில் தேசம்மாள் பெயரைப் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். பழைய கோப்பு, "வதிலேயண்டி", விட்டுவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. நானே போட்டேன். எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒரு ஷீட்டைத் தொட்டிருக்கிறேன். என்னை எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் மாற்றட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். துறைமுக வேலை வருவதற்கு முந்தின மாதம் அலுவலகத்தார் எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். தேசம்மாள் கடலைப் பார்த்தது அதுதான் முதல் முறை. சாப்பிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிட்டோம். அவர் மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரமணலில் நின்றார்.

"அண்ணா, செத்த இருங்க. தண்ணி எறங்கிக்கினு கீது. எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."

குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். தண்ணீர் இன்னும் கீழே போயிற்று. இறங்கிப் போய் இன்னொரு கோடு கிழித்தார். வேண்டுமென்றே எங்களைக் காக்கவைக்கிறார் என்று நான்தான் டிரைவரை ஹார்ன் அடிக்கச் சொன்னேன். பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

தேசம்மா, இனி யாரும் ஹார்ன் அடிக்கமாட்டார்கள். தண்ணீர் எவ்வளவு இறங்குமோ இறங்கட்டும். கடைசிக் கோட்டையும் கிழித்துவிட்டுப் போங்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறேன்.