ஒரு பெண் துணை மட்டும்

என் மனைவிக்கும் என் தங்கைக்கும் பேச்சு நின்றுபோனது எங்கள் மகனின் கல்யாண ரிசப்ஷனில். சேலையூரில் மண்டபம். குடும்பப் போட்டோ எடுத்த நேரத்தில் தங்கை சாப்பாட்டுக் கூடத்தில் யாரையோ கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருவரும் போய்க் கூப்பிடவில்லை. ஆல்பம் வந்தபோது அதில் அவள் இல்லை. "அண்ணி வேணும்னேதான் விட்டுட்டாங்க" என்றாள் தங்கை. "மேடை அங்கதானே இருந்துச்சு, வர்றதுக்கென்ன?" என்றாள் மனைவி. கணக்கு டீச்சராக ரிட்டயர் ஆனவள் அவள். தப்பு தன் பக்கம் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தங்கையோ என்னோடு பிறந்தவள், வீம்புக்குக் கேட்கவா வேண்டும்! தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் கீழ்க்கட்டளையில் அவள் வீட்டுக்கும் நடுவே வருடக்கணக்காக நான் மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன்.

பிறகு மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது. கேளம்பாக்கம் போகிற வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். கீமோவுக்குப் போகும்போதெல்லாம் நான்தான் கூட இருப்பேன். எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், வாந்திக்கு முன் அவள் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகியிருந்தது. வேறு எதில் நான் கெட்டிக்காரனோ இல்லையோ, அதில் ஆகியிருந்தேன்.

கொரோனா வந்தது. அவள் உடம்பு மோசமாகி மறுபடி சேர்த்தபோது ஆஸ்பத்திரியே வேறாக இருந்தது. தனி அறைகளையெல்லாம் கொரோனா நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவளுக்குப் பெண்கள் பொது வார்டு. கூட ஓர் ஆள்தான், அதுவும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். டெஸ்ட் எடுத்து உள்ளே போனால் போனதுதான். மாற்றாள் கிடையாது, வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள்.

"நான் அவ புருஷன்ப்பா" என்றேன் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம்.

"தெரியுது சார். லேடீஸ் வார்டு சார் அது. உன்னிய உள்ள வுட்டா என் வேலை பூடும். ரூல்ஸ் அப்டி கீது, நான் இன்னா பண்றது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விதியிலும் குற்றமில்லை. அவளுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, ஆளாளுக்கு வந்துபோனால் கிருமி அவளைத்தான் கொண்டுபோகும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எல்லாம் புரிந்தது. புரிந்தும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவனைவிட அந்தக் கிருமிக்கு என்ன பெரிய மரியாதை?

பெண் துணைக்கு எங்கே போவது? எங்களுக்கு மகள் இல்லை. மகனும் மருமகளும் கனடாவில்; விமானமே இல்லை. மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. சபையில் எல்லாரும் ஜெபிப்பதாகச் சொன்னார்கள். வருவதாக ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் தங்கைக்குப் போன் செய்தேன்.

"எப்ப வரணும்?" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனைவிதான் கேட்டாள். "உங்க தங்கச்சியா? வேற ஆளே கெடைக்கலையா உங்களுக்கு?"

"இந்த நேரத்துல நீயே ஒரு ஆள் தேடிக் கொடு பார்ப்போம்" என்றேன்.

தங்கை உள்ளே போனாள். நான் தினமும் காலையில் வண்டலூர் வழியாக ஸ்கூட்டரில் போய், கேட்டுக்கு எதிரே ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். வழியில் போலீஸ் மறித்தால் மனைவியின் ஃபைலைக் காட்டுவேன். துவைத்த துணியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்தால் அவர் மேலே அனுப்புவார். அதற்குமேல் அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வீட்டில் இருந்தாலும் அதே போன்தான். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை.

முதல் நாளே போன் வந்தது. மனைவி.

"உங்க தங்கச்சிகிட்ட ஃபேனைக் கொறைக்கச் சொல்லுங்க."

"அவ எங்க இருக்கா?"

"இங்கதான். ஸ்டூல்ல."

"அப்ப நீயே சொல்லேன்."

"பேசறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தலையில் அடித்துக்கொண்டு தங்கைக்குப் போட்டேன். "கேட்டுச்சு அண்ணா, காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா என்கிட்ட சொல்லலையே. நீ சொன்னா கொறைக்கிறேன்."

"சொல்றேன் தாயே, கொறை."

அன்றிலிருந்து அதுதான் என் உத்தியோகம். வெந்நீர் வேண்டும், தலையணையை நகர்த்த வேண்டும், பாத்ரூம் போக வேண்டும் என்று மூன்றாவது மாடிக் கட்டிலிலிருந்து சாலைக்கு வரும். சாலையிலிருந்து அதே கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்குப் போகும். "அண்ணிக்கு இட்லி வேணுமா, கஞ்சியான்னு கேளு" என்று ஸ்டூலும் பதிலுக்குக் கேட்கும். சாகக் கிடக்கிற நேரத்திலும் இவர்களுக்கு இந்த வீராப்பா என்று திட்டியிருக்கிறேன். நர்ஸ்களுக்கு இது தெரிந்து, "சார் வழியா சொல்லுங்க" என்று கேலி செய்வார்களாம்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். மூன்று பேரும் போனில். அந்த நேரத்தில் நான் தேவையில்லை. கர்த்தர் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "ஆண்டவரே, அண்ணி ராத்திரியெல்லாம் தூங்கல, அவங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தாரும்" என்பாள் தங்கை. "ஆமென்" என்பாள் மனைவி. பிறகு அவள் ஜெபிப்பாள்: "என்னைப் பார்த்துக்கிற இவங்களோட முதுகு வலியை எடுத்துப் போடும் ஆண்டவரே." இங்கிருந்து ஓர் ஆமென், அங்கிருந்து ஓர் ஆமென்.

ஜெபம் முடிந்ததும் நான் கேட்பேன், "வலி எப்படிம்மா இருக்கு?"

"அதெல்லாம் இல்லைங்க. நீங்க இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க."

தினமும் அதே கேள்வி, அதே பதில். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவேன்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்தத் தூது பிடித்திருந்தது. போன் அடிக்க அடிக்க, அந்த வார்டில் ஒரு மூலையில் நானும் இருப்பதுபோல் இருந்தது. எப்போது தண்ணீர் குடித்தாள், எப்போது திரும்பிப் படுத்தாள் எல்லாம் எனக்குத் தெரியும். சண்டை மட்டும் இல்லையென்றால் யார் எனக்கு இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள்?

ஒரு நாள் காலை முழுக்கப் போன் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வெயில் ஏறியது. மனைவிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இரு சார், பேஜாராவாத, வார்டுல கேக்கறேன்" என்று உள்போனை எடுத்தார். அதற்குள் தங்கையே கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணா. அண்ணி தூங்கறாங்க."

"ஒரு போன்கூட வரலையே!"

"நாங்க பேசிட்டோம்" என்றாள்.

மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். அத்தனை வருடம் நான் கெஞ்சியும் நடக்காதது நடந்துவிட்டது. ஆனால் மறுநாளும் போன் அடிக்கவில்லை, அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. மேலே இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலையில் நான் ஒருவன், புங்கம்பூ தலையில் விழ, எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தங்கைமேல் பொறாமையாக இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் மட்டும் மனைவியின் குரல் கேட்கும். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

"எப்படி ராசியானீங்க ரெண்டு பேரும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது எங்க விஷயம்" என்று சிரித்தாள். "வலி?" என்றேன். "அதெல்லாம் இல்லைங்க" என்றாள்.

ஒரு மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டார்கள். நீல பிளாஸ்டிக் அங்கியை மாட்டி, முகத்துக்கு மேல் முகமாக எதையோ கட்டி, அழைத்துப் போனார்கள். அதே வார்டுதான், பெண்கள் வார்டுதான். இப்போது என்னை விட்டார்கள். உயிரோடு இருந்தவளைப் பார்க்கத்தான் விதி இடம் தரவில்லை. முடியில்லாத தலையில் தங்கை ஸ்கார்ஃபை அழகாகக் கட்டிவிட்டிருந்தாள். கையுறையோடு கன்னத்தைத் தொட்டேன். சூடா, குளிர்ச்சியா என்றுகூடத் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்திலும் இத்தனை பேர்தான் என்றார்கள். அதற்கும் குறைவாகத்தான் வந்தார்கள். மகன் போனில் பார்த்தான்.

அடக்கம் முடிந்து சில நாள் தங்கை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒரு சாயங்காலம் சமையலறையில் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று கேட்டேன்.

"யாரு முதல்ல பேசினது?"

"அண்ணிதான்."

"என்ன சொன்னா?"

குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"விடேன் அண்ணா."

"சொல்லு."

"அன்னைக்குக் காலைல வழக்கம்போல உனக்குப் போட போனை எடுத்தாங்க. அப்புறம் கீழ வச்சுட்டாங்க. என்னைப் பார்த்து, 'வலி தாங்க முடியலடி'ன்னாங்க. ஊசி போட்டும் கேக்கல. 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மத்ததெல்லாம் உன் வழியா சொன்னாங்க அண்ணா. இதை எப்படி உன் வழியா சொல்லுவாங்க?"

"தினமும் சாயங்காலம் கேட்டேனே" என்றேன்.

"கேட்டே. அதுக்கப்புறம் நீ கேக்கும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் 'அதெல்லாம் இல்லைங்க'ன்னு சொன்னாங்க."