மூடியின் உள்பக்கம்

சரோஜினி இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய வகுப்பில்தான் இருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவருடைய வேதியியல் வகுப்புகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். ஆங்கிலம் சொல்லித்தருகிற நான், அந்த நேரத்தில் மாணவிகளைச் சத்தமில்லாமல் படிக்க வைத்திருப்பேன். அவருடைய கொழுந்தனார் ரங்கராஜ் வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வகுப்பறைக்கு வெளியே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"வதினா போயிட்டாங்க அம்மணி," என்றார். தெலுங்கு பேசும் அந்த வீட்டில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்.

கோவையில் எங்கள் பிலிம் சொசைட்டியின் ஞாயிறு காலைக் காட்சிகளுக்கு வந்த எல்லோருக்கும் சரோஜினியைத் தெரியும். அவரிடம் படித்தவர்களுக்கும், பீளமேட்டில் அவர் குடும்பத்தை அறிந்தவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேறு நிறைய இருக்கும். நான் அறிந்தது ஜப்பானியப் படங்கள் பார்க்கிற சரோஜினியை. எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர். திரையரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

படப்பெட்டிகள் சென்னையிலிருந்து ரயிலில் வரும். மேட்னிக்கு முன்னால் அரங்கைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். பிரெஞ்சுப் படம், ரஷ்யப் படம் எதற்கும் சரோஜினி வருவார். ஜப்பானியப் படமென்றால் மட்டும் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் படங்களில் காமிராவும் பாயில் உட்கார்ந்திருக்கும். தரையில் அமர்ந்து சாப்பிடுகிறவர்களைத் தரையில் அமர்ந்தே பார்க்கும். ஒரே குடையில் நடக்க மறுக்கும் இரண்டு சகோதரர்களின் கதை, மாற்றலாகிச் சாமான் கட்டும் பள்ளி ஆசிரியரின் கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காத படங்களைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சிபாரிசு செய்வார். "கதைக்காகப் பாக்காதீங்க. ஒருத்தர் ரூமை உட்டுப் போன பின்னால அந்த ரூமைக் கொஞ்ச நேரம் காட்டுவாங்க. அதைப் பாருங்க," என்பார்.

பேய்ப் படங்களைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர் கட்சி. "மொதல்ல உசுரோட இருக்கறவங்க எப்படி நடக்கறாங்கன்னு பாத்து வெச்சுக்கோணும். அப்பத்தான் மத்தவங்க வந்தா அடையாளம் தெரியும்." இதைச் சிரிக்காமல் சொல்லுவார்.

சொசைட்டியின் காரியதரிசி ஒரு பல் டாக்டர். ஒருநாள் படம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க டீச்சரம்மா, படத்துல ஒருத்தரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. நான் பாதியில தூங்கிப்போட்டேன்," என்றார்.

"தெரியுமுங்க டாக்டர். உங்க கொறட்டைக்கு மட்டும் கீழ இங்கிலீசு எழுத்து வரல," என்றார் சரோஜினி.

அவருடைய கணவர் வேணுகோபால் மில்லில் சூப்பர்வைசர்; சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு ஆடிப் பதினெட்டன்று நண்பர்களோடு பவானி கூடுதுறைக்குப் போனார். புதுவெள்ளத்தில் இறங்கியவர் எழவில்லை. பரிசல்காரர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். உடல் கிடைக்கவில்லை.

தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரோஜினி சம்மதிக்கவில்லை. பொட்டும் பூவுமாகவே கல்லூரிக்கு வந்தார். சொசைட்டிச் சந்தாவைக் கணவர் பெயரிலேயே புதுப்பித்தார். இரண்டு ஆடி போனது. இதற்கிடையில் ரங்கராஜுக்கு அன்னூரில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் நல்ல மனிதர்கள்தான். ஆனால் மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்று தயங்கினார்கள். ரங்கராஜ் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. சரோஜினி ஒப்புக்கொண்டால் கணவர் இறந்தவராகிவிடுவார். ஒப்புக்கொள்ளாவிட்டால் கொழுந்தனாரின் கல்யாணம் நிற்கும். அந்த வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரைக் கிராமத்துப் படம் ஒன்று வந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி தினமும் அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு வைக்கிறாள். மரக்கிண்ணத்தில் சூடாகச் சாறு ஊற்றி மூடுகிறாள். சற்று நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பார்க்கிறாள். உள்பக்கம் நீர் துளிர்த்திருந்தால் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. படம் முழுக்க நாமும் அவளோடு அந்தத் துளிகளைப் பார்க்கிறோம். கடைசியில் ஒருநாள் அவள் மூடியைத் திருப்புகிறாள். இந்தத் தடவை நமக்கு மூடியைக் காட்டுவதில்லை. அவள் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிறகு அவள் அந்தச் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் படம்.

வெளியே வந்தால் கண் கூசும் வெயில். "சூடா ஊத்தி மூடுனா தண்ணி நிக்கத்தானுங்க செய்யும்? உங்களுக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா?" என்றார் டாக்டர்.

"நிக்கும்னு தெரிஞ்சுதானுங்க அவ மூடறா," என்றார் சரோஜினி.

சில வாரம் கழித்து ஒரு காலை அவரை அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு டம்ளர் காப்பி, அதன்மேல் பித்தளை மூடி. சரோஜினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியைத் திருப்பிக் காட்டினார். முத்து முத்தாகத் துளிகள். "இன்னிக்கும் இருக்குதுங்க," என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்த அவருடைய மாமியார், ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைச் சுற்றிப் போவதுபோலக் கொஞ்சம் ஒதுங்கிச் சுற்றிப் போனார். அங்கே நாற்காலியே கிடையாது.

மார்கழியில் ஒருநாள், அன்னூர்க்காரர்கள் முடிவு கேட்க வருவதாக இருந்தது. அன்று காலையிலேயே சரோஜினி என்னை வரச் சொல்லியிருந்தார். சமையல்கட்டில் நாங்கள் இருவர் மட்டும். பொங்கும் பாலை இறக்கி, என் கண்ணெதிரே காப்பி கலந்து, டம்ளரில் ஊற்றி மூடினார். பரீட்சைத் தாள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இருவருமே மேசையை விட்டு நகரவில்லை. பேச்சின் நடுவே அவர் மூடியை எடுத்துத் திருப்பினார்.

உள்பக்கம் காய்ந்திருந்தது.

மூடியை என்னிடம் நீட்டினார். விரலால் தடவிப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பருகே உலர்த்தி எடுத்த துணிபோல ஒரு சொட்டு ஈரமில்லை. டம்ளரில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் சுண்டு விரலை உள்ளே விட்டு உடனே எடுத்தார்.

"சூடாத்தானுங்க இருக்குது," என்றார்.

வெளியே மில்லின் சங்கு ஊதி ஓய்ந்தது. அவர் அந்த டம்ளரை எடுத்து நின்றபடியே குடித்தார். அவசரப்படவில்லை. குடித்து முடித்து, "அவருக்குச் சக்கரை கம்மியா இருக்கோணும். எனக்குப் புடிக்கவே மாட்டேங்குது," என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு உள்ளே போய் மாமியாரிடம், "அத்தை, காரியத்துக்கு ஐயருகிட்டச் சொல்லிப்போடுங்க," என்று சொன்னது எனக்குக் கேட்டது. இத்தனை நாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த அம்மாள், "வேண்டாம் கண்ணு, இன்னுங் கொஞ்ச நாள் பாப்பம்," என்று அழுதார்.

சரோஜினி மறுபடி வந்து தாள்களைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் கல்லூரிக்கு நேரத்துக்கே போய்விட்டோம்.

அன்று மூடி ஏன் காய்ந்திருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. என் வீட்டில் எத்தனையோ முறை அதே மாதிரி மூடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் துளிகள் இருந்தன. ஒருமுறை அவரிடமே கேட்டேன். "காரணம் இருக்குமுங்க அம்மணி. தேடுனாக் கெடைக்கும். நான் தேடல," என்றார்.

கூடுதுறையில் காரியம் முடிந்தது. தையில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பொட்டில்லாத நெற்றியோடு சரோஜினி அரங்க வாசலில் நின்றார். அவரை எப்போதும் கேலி செய்கிற டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். "சொசைட்டிக் கார்டுல பேரை மாத்திப்போடுங்க டாக்டர். சரோஜினின்னு எழுதுங்க. ஸ்பெல்லிங் தப்பாப் போட்டா உங்க கிட்டப் பல்லைக் காட்ட மாட்டேன்," என்றார் சரோஜினி. டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன்பின் நாங்கள் சேர்ந்து பார்த்த ஜப்பானியப் படங்கள் அநேகம். இறந்தவர்கள் வீடு திரும்புகிற கதை அவற்றில் அடிக்கடி வரும். கதவைத் தள்ளி உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் உட்காருவார்கள். யாரையும் மிரட்ட மாட்டார்கள். பார்க்கிற எனக்குத்தான் முதுகு சில்லிடும். சரோஜினி அவர்களைப் பார்ப்பதில்லை; வீட்டிலிருக்கிறவர்களின் முகத்தையே பார்ப்பார். "அவங்களா வரலீங்க. இவங்க கூப்புட்டுக்கிட்டே இருக்கறாங்க," என்று ஒருமுறை காதோரம் சொன்னார்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடைசியாகப் பார்த்தேன். கண்ணும் நகமும் மஞ்சளாகியிருந்தன. அடுத்த ஞாயிறு என்ன படம் என்று கேட்டார். ஜப்பானியப் படம் என்றேன். "போயிட்டு வந்து கதை சொல்லுங்க," என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மணி, நீங்க எழுதற ஆளு. ஆளுக போன பின்னாலயும் உடமாட்டீங்க," என்றார். குரல் தணிந்திருந்தது. "எனக்காகக் காத்திருக்காதீங்க. காத்திருந்தா வந்துருவோம். வந்தா ரெண்டு பேருக்கும் சிரமம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் அவர் 'வந்துருவோம்' என்றது நினைவுக்கு வந்தது. 'வந்துருவாங்க' என்று அவர் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு படத்துக்குப் போனேன். வழக்கமான வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கு நிறைந்துகொண்டிருந்தது. என் வலப்பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மின்விசிறி எல்லோருக்கும் பொதுவாகத்தான் சுற்றியது. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கை மட்டும் குளிர்ந்திருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த அஞ்சலியை எழுத நினைத்திருந்தேன். அவருடைய கைப்பையிலிருந்து ஏலக்காய் மணம் வருவதையும், படம் தொடங்குமுன் அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வதையும் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ஏலக்காய் மணம் வந்தேவிட்டது.

விளக்கு அணையும் நேரத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி வரிசைக்குள் நுழைந்து வந்தாள். "ஏனுங்க, இந்தச் சீட்டுக்கு ஆள் வாராங்களா?"

சரோஜினியிடமிருந்து எடுத்துக்கொண்ட பலவற்றை நாளடைவில் மறந்துபோவேன். எதைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் படம் பார்க்கப் பார்க்கக் கலந்துபோகும். அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றாள். மூடி காய்ந்திருந்த அன்று மாமியாரிடம் போய் அதைச் சொன்ன அவருடைய தைரியத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

"யாரும் வரலீங்க," என்றேன். "உக்காருங்க."